நடிகனுக்கு எதுக்குய்யா பாட்டு?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம். ஆடிட் முடிந்தால் இன்ஸ்பெக்‌ஷன், இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் எங்கள் வங்கியின் ஸ்தாபன தின விழா. இந்தக் கடைசி ஐட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஹியூ லோரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜான்சியில் குப்பை கொட்டும் வங்கி ஆபீஸருக்கும் இங்கிலாந்து நடிகருக்கும் என்னய்யா சம்பந்தம் என்பவர்கள் கடைசி வரை படிக்கவும்.

ஹியூ லோரி யார் என்று தெரியாதவர்களுக்கு: 'ஹவுஸ்' சீரியலில் கைத்தடியோடு நொண்டிக்கொண்டு, பேஷண்டைத் திட்டிக்கொண்டே வைத்தியம் பார்ப்பாரே, அந்த டாக்டர். அவரேதான்.

போன மாதம் இவர் பியானோ வாசித்துப் பாடும் ஒரு பாட்டை, என்னோடு பி.காம் படித்த நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அரை மணியில் போன் வந்தது.

"ஏண்டா, இது அந்த டாக்டர்தானே? பாட வேற செய்றானா?"

"ஆமாண்டா. நல்லாத்தானே இருக்கு?"

"நடிகனுக்கு எதுக்குடா பாட்டு? பேரு இருந்தா எதை வேணா விப்பாங்க. நீயும் கையைத் தட்டிக்கிட்டு வாங்கு."

அப்போதைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. காரணம், அவன் கேட்டது நியாயமான கேள்வி. பிரபலங்கள் பாட்டுப் பாடி ஆல்பம் போடுவது புதிதல்ல. 'ஸ்டார் ட்ரெக்' புகழ் வில்லியம் ஷாட்னர் 1968-ல் போட்ட ஆல்பத்தை இன்றும் கேலிக்காகவே எடுத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1987-ல் புரூஸ் வில்லிஸ் கூடப் பாடினார். அந்த வரிசையில் லோரியும் ஒருவரா, இல்லையா? என் கட்சி, இல்லை என்பது. ஏன் என்று சொல்கிறேன். ஒத்துக்கொள்வதும் திட்டுவதும் உங்கள் இஷ்டம்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

லோரி 1959-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா டாக்டர். சும்மா டாக்டர் இல்லை, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கிய டாக்டர். பையன் படித்தது ஈட்டனில், பிறகு கேம்பிரிட்ஜில். பெயருக்கு மானிடவியல், மனசெல்லாம் துடுப்பில். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான புகழ்பெற்ற போட் ரேஸில் கேம்பிரிட்ஜ் படகில் இவரும் இருந்தார். நாலு மைலுக்கு மேல் துடுப்புப் போட்டுவிட்டு, சில அடி வித்தியாசத்தில் தோற்றார்கள். (எத்தனை பேருக்கு இப்படிப் பிரமோஷன் போயிருக்கிறது, சொல்லுங்கள்.)

கல்லூரி நாட்களில் காய்ச்சலில் படுத்து, கொஞ்ச காலம் துடுப்பைக் கீழே வைக்க வேண்டி வந்தது. அப்போது போய்ச் சேர்ந்த இடம் ஃபுட்லைட்ஸ் என்கிற மாணவர் நாடகக் குழு. அங்கேதான் எம்மா தாம்ப்ஸன், ஸ்டீஃபன் ஃப்ரை எல்லாம் கூட்டாளிகள் ஆனார்கள். 1981-ல் இந்தக் கோஷ்டி எடின்பரோ விழாவில் மேடையேற்றிய நகைச்சுவை நிகழ்ச்சி, அந்த வருடம் புதிதாக ஆரம்பித்த பெரியே விருதை முதல் ஆளாக வாங்கியது.

பிறகு தொலைக்காட்சி. 'ப்ளாக்ஆடர்' தொடரில் முட்டாள் இளவரசன். 1989 முதல் 1995 வரை ஃப்ரையோடு சேர்ந்து நகைச்சுவைத் துணுக்கு நிகழ்ச்சி. 1990-ல் லண்டன் மேடையில் பென் எல்டனின் 'காஸ்பிங்' நாடகம். அதே 1990 முதல் 1993 வரை வுட்ஹவுஸின் பெர்ட்டி வூஸ்டராக, ஃப்ரை ஜீவ்ஸாக. வுட்ஹவுஸ் ரசிகர்கள் யாராவது இதைப் பார்க்காமல் இருந்தால் அது மகா பாவம், உடனே பரிகாரம் தேடவும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். அந்தத் துணுக்கு நிகழ்ச்சியில் லோரி அடிக்கடி பியானோவோ கிதாரோ எடுத்துக்கொண்டு சொந்தமாகக் கட்டிய கிண்டல் பாட்டைப் பாடுவார். வூஸ்டராக நடிக்கும்போதும் பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். கேப் கேலோவேயின் பாட்டு ஒன்றை ஜீவ்ஸை இழுத்து வைத்துக்கொண்டு பாடும் காட்சியைப் பார்த்து எனக்கு வயிறு வலித்திருக்கிறது. ஆக, பாட்டு என்பது ஐம்பது வயதில் முளைத்த ஆசை இல்லை. ஆனால் அதுவரை கிண்டல் என்கிற போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார். சிரிக்க வைத்துவிட்டால் நன்றாகப் பாடினானா என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? இந்தத் தந்திரம் எனக்கும் நன்றாகத் தெரியும். பிறகு சொல்கிறேன்.

'ஹவுஸ்' கதை ஒரு தனிக் கூத்து. நமீபியாவில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தபோது, ஹோட்டல் குளியலறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அங்கே நின்று நடித்து டேப் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்த இயக்குநர் பிரையன் சிங்கர், இவர் இங்கிலாந்துக்காரர் என்றே தெரியாமல், அசல் அமெரிக்கன் என்றால் இவன்தான் என்று பாராட்டியதாகச் சொல்வார்கள். 2004-ல் ஆரம்பித்து 2012 வரை 8 சீசன், 177 எபிசோட். 2006-லும் 2007-லும் கோல்டன் குளோப். குடும்பம் பெரும்பாலும் லண்டனில், ஆள் லாஸ் ஏஞ்சலஸில். டிரான்ஸ்ஃபரில் வந்து தனியாகப் பொங்கித் தின்னும் ஆபீஸர் மாதிரிதான், சம்பளத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் :-)

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. நிஜ டாக்டராக இருந்த தன் அப்பாவை விடப் பொய் டாக்டரான தனக்குப் பல மடங்கு பணம் கிடைப்பது உறுத்துகிறது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் இருப்பதில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு அடுத்தவருடையது என்று கணக்குப் பார்க்கும் புத்தி இந்த ஆளுக்கு இருக்கிறது.

இனி பாட்டுக்கு வருவோம்.

2011-ல், 'ஹவுஸ்' உச்சத்தில் இருந்தபோது, 'லெட் தெம் டாக்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். முழுக்க நியூ ஆர்லியன்ஸ் ப்ளூஸ். ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் சிறையிலும் பாடிப் பாடி உருவாக்கிய சங்கீதம். அதை ஈட்டனில் படித்த வெள்ளைக்காரர், அதுவும் கோடீஸ்வரர், பாடுகிறார் என்றால் எரிச்சல் வரத்தானே செய்யும்? வந்தது. சில விமர்சகர்கள் நன்றாகவே முகம் சுளித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குற்றச்சாட்டை எல்லாம் அவர்களுக்கு முன்னாலேயே ஆல்பத்தின் உறைக் குறிப்பில் லோரியே எழுதி வைத்திருந்தார். நான் அந்த ஊரில் பிறக்கவில்லை, அந்தக் கஷ்டம் படவில்லை, நடிகன் நடிக்க வேண்டும் பாடகன் பாட வேண்டும் என்கிற விதியையும் மீறிவிட்டேன் என்கிற தொனியில். சின்ன வயதில் பியானோ கிளாஸ் பிடிக்காமல் இருந்த பையன், ரேடியோவில் வில்லி டிக்ஸனின் ஒரு ப்ளூஸ் பாட்டைக் கேட்டு விழுந்ததையும் அதில் சொல்லியிருக்கிறார். அதாவது, மனு போடும்போதே பாதகமான விவரங்களையும் சேர்த்து எழுதிவிட்டார். கடன் மனு பார்க்கிறவனுக்குத் தெரியும், இப்படி எழுதுகிறவர்கள் எவ்வளவு அபூர்வம் என்று.

சரி, எழுதினால் மட்டும் போதுமா? அடுத்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

பி.காம் முதல் வருடத்தில் வாத்தியார் உருப்போட வைத்த விதி ஒன்று உண்டு. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. இரட்டைப் பதிவுக் கணக்கின் அரிச்சுவடி. வாங்கினால் வாங்கியதாக எழுது, யார் கொடுத்தார்களோ அவர் பேரிலும் எழுது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நிற்காது.

இங்கிலாந்து இசைக்காரர்கள் அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து வாங்கியது கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லோரும் ரெண்டு பக்கமும் எழுதினார்களா? ரோலிங் ஸ்டோன்ஸ் எழுதினார்கள். 1965-ல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் பாடக் கூப்பிட்டபோது, ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று வற்புறுத்தி, அவர் பாடும்போது கீழே உட்கார்ந்து கேட்டார்கள். இன்னொரு பக்கம், லெட் செப்ளின் 1969-ல் போட்ட ஒரு பெரிய ஹிட் பாட்டின் வரிகள் தன்னுடையவை என்று வில்லி டிக்ஸன் 1985-ல் கேஸ் போட்டார். 1987-ல் சமரசமாக முடிந்தது. லோரி பையனாக ரேடியோவில் கேட்டாரே, அதே வில்லி டிக்ஸன்தான். பதினெட்டு வருடம் கழித்து, கோர்ட் வாசல் வரை போய் வசூலான கடன்.

இப்போது லோரியின் பேரேட்டைப் பார்ப்போம். தயாரிப்பாளராக ஜோ ஹென்றியைப் பிடித்தார். அவர் ஏற்கெனவே நியூ ஆர்லியன்ஸ் மேதை ஆலன் டூசானுக்கு ஆல்பம் செய்தவர். இந்த ஆல்பத்தில் ஊதுகுழல் பகுதிகளை அமைத்தவர் அதே டூசான். 2005 காத்ரீனா புயலில் வீடும் ஸ்டுடியோவும் வெள்ளத்தில் போனவர் அவர். பாட டாக்டர் ஜான் வந்தார். நியூ ஆர்லியன்ஸின் ராணி என்று அந்த ஊர் கொண்டாடும் ஐர்மா தாமஸ் வந்தார். இவர்கள் பாடும் இடத்தில் லோரி பின்னால் போய் பியானோவோடு நின்றுகொண்டார். தன் பேரில் வரும் ஆல்பத்தில் முன்வரிசையை அடுத்தவருக்குக் கொடுப்பது லேசான காரியம் இல்லை.

2013-ல் அடுத்த ஆல்பம், 'டிட்ன்ட் இட் ரெய்ன்'. அதில் இன்னும் தெளிவு. பல பாட்டுகளை கேபி மொரேனோ, ஜீன் மெக்ளெய்ன் என்று பெண் பாடகிகளிடம் கொடுத்தார். ஒரு பாட்டில் பழம்பெரும் ப்ளூஸ்காரர் தாஜ் மஹால் வந்து பாடினார் (ஆமாம், அதுதான் அவர் மேடைப் பெயர்!).

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறொரு விஷயம். முதல் ஆல்பத்தில் 'டிப்பிட்டினா' என்று ஒரு பாட்டு. புரொஃபஸர் லாங்ஹேர் என்பவர் 1953-ல் போட்டது. நிஜப் பெயர் ஹென்றி ரோலண்ட் பேர்ட். கரீபியத் தாளத்தையும் ப்ளூஸையும் பியானோவில் கலந்து அடித்தவர், டூசானும் டாக்டர் ஜானும் குருவாகக் கொண்டாடியவர். அறுபதுகளில் இந்த ஆளை உலகம் சுத்தமாக மறந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ரசிகர்கள் தேடிப் போனபோது, நியூ ஆர்லியன்ஸில் ஒரு ரெக்கார்டு கடையில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். 1971 ஜாஸ் விழாவில் திரும்ப மேடையேற்றினார்கள். 1975-ல் பால் மெக்கார்ட்னி, கலிஃபோர்னியாவில் கரையோரம் நிற்கும் க்வீன் மேரி கப்பலில் கொடுத்த விருந்தில் வாசித்தார். 1980-ல் காலமானார்.

2013-ல் லோரி தன் கச்சேரி ஒன்றைப் படமாக்கியது எங்கே தெரியுமா? அதே க்வீன் மேரி கப்பலில். லாங்ஹேர் வாசித்த இடத்தில்தான் தானும் வாசிக்க வேண்டும் என்று. தருபவரை வரவு வை!

இதற்கு என் நண்பன் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "அட போடா, அந்த முதல் ஆல்பம் இங்கிலாந்து லிஸ்ட்டில் ரெண்டாம் இடம் வரை போச்சு. சீரியல் இல்லேன்னா போயிருக்குமா?" போயிருக்காது. சத்தியமாகப் போயிருக்காது. லோரியின் குரலும் பிரமாதக் குரல் இல்லை, சுமார்தான். பியானோ நன்றாகவே வாசிக்கிறார், ஆனால் நியூ ஆர்லியன்ஸ் தெருவுக்குத் தெரு அவரைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் யாருக்கும் பெரிய கம்பெனி இப்படி ஆல்பம் போடாது. இது அநியாயமா என்றால், அநியாயம்தான். மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டூசானுக்கோ டாக்டர் ஜானுக்கோ லோரியின் தயவு தேவையே இல்லை. டூசானை 1998-லேயே ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் ஜானை 2011-ல். லோரி அவர்களைக் கைதூக்கிவிட்டார் என்று யாராவது சொன்னால் அது அபத்தம். தேவை யாருக்கு என்றால், என் மாதிரி ஆட்களுக்கு. சாயங்காலம் டி.வி. முன்னால் டாக்டர் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு லாங்ஹேர் யாரென்று தெரியுமா? நான் லோரியைக் கேட்டு, அதிலிருந்து டூசானுக்குப் போய், டூசானிலிருந்து லாங்ஹேருக்குப் போனேன். இப்போது லோரி ஆல்பத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை, லாங்ஹேரைத்தான் கேட்கிறேன். ஒரு பிரபலம் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான் என்பேன். ரசிகன் தன்னைத் தாண்டிப் போகும்படி கதவைத் திறந்து வைப்பது.

எங்கள் பாஷையில் சொன்னால், பெயர் என்பது ஜாமீன். அதைக் காட்டி நமக்கே கடன் வாங்கிக்கொண்டு உட்காரலாம். இல்லை, ஜாமீன் இல்லாதவனுக்குக் கையெழுத்துப் போடலாம். நடிகன் பாடலாமா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. தாராளமாகப் பாடட்டும். யார் பேரில் வரவு வைத்தான், யாரை முன்னால் நிறுத்தினான் என்பதுதான் கேள்வி.

இப்போது ஜான்சிக்கு வருகிறேன்.

எனக்கு மௌத் ஆர்கன் வாசிக்கத் தெரியும். காலேஜ் ஹாஸ்டல் மொட்டை மாடியில் கற்றுக்கொண்டது. ப்ளூஸ் பக்கம் போனதே அந்த வாத்தியத்தை அவர்கள் எப்படி அழ வைக்கிறார்கள் என்று தேடிப் போய்த்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் விழாக்களில் வாசித்தால், சாப்பாட்டு க்யூவில் எனக்கு இடம் போனதுதான் மிச்சம். அதனால் நடுநடுவே ஜோக் அடித்துச் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொள்வேன் (சொன்னேனே, அந்தத் தந்திரம்). சீஃப் மேனேஜர் ஆனதிலிருந்து நிலைமை தலைகீழ். "சார், நீங்க ப்ரொஃபஷனலா போயிருக்கணும் சார்!" ஸ்கேல் ஒன்றில் அபஸ்வரமாக இருந்த அதே வாத்தியம் ஸ்கேல் நான்கில் தேனாகிவிட்டது. நானும் கொஞ்சம் நம்பித்தான் தொலைத்தேன்.

எங்கள் கிளையில் ஒரு டஃப்தரி இருக்கிறார். வவுச்சர் கட்டித் தைப்பது, பழைய ரெஜிஸ்டர்களை அடுக்குவது அவர் வேலை. எல்லோரும் சாச்சா என்பார்கள். மகோபா பக்கத்து கிராமம். வரும் நவம்பரில் ரிட்டையர்மென்ட். ரெண்டு வருடமாக என் மேஜைக்கு ஃபைல் கொண்டு வருகிறார். நான் அவரிடம் பேசியதெல்லாம் "அந்த ஃபைல் எங்கே", "இந்த ஃபைல் எங்கே" மட்டும்தான்.

ஜூலையில் ஒரு சாயங்காலம். நல்ல மழை, சர்வர் டவுன், கரண்டும் இல்லை. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ரெக்கார்டு ரூமிலிருந்து ஒரு குரல். எட்டிப் பார்த்தால், மொபைல் டார்ச் வெளிச்சத்தில் வவுச்சர் தைத்துக்கொண்டே சாச்சா ஆல்ஹா பாடிக்கொண்டிருந்தார். ஆல்ஹா என்பது இந்த புந்தேல்கண்டின் வீரக்கதைப் பாட்டு. ஆல்ஹா, ஊதல் என்று மகோபாவின் ரெண்டு சகோதர வீரர்களின் கதை, டோலக் வைத்து மழைக்காலத்தில் பாடுவது. முதுகு சிலிர்த்துப் போய்விட்டது. அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது, ரெக்கார்டு கடையில் துடைப்பத்தோடு நின்ற லாங்ஹேர்.

விழாவுக்கு அவர் பெயரைக் கொடுத்தேன். ஜோனல் ஆபீஸில் ஏற்பாடு பார்த்தவர், "சார், ப்ரோக்ராம் ஆபீஸர்களுக்கும் ஃபேமிலிக்கும்தான். வேணும்னா கரோக்கி ட்ராக் அனுப்பச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்" என்றார். ஆல்ஹாவுக்குக் கரோக்கிக்கு எங்கே போவது? எனக்குக் கொடுத்திருந்த பதினைந்து நிமிடத்தை அவருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். சாச்சாவே ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வாசிங்க சாப், நான் பின்னால டோலக் தட்டறேன்" என்றார். வழக்கமாக இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் "சரி" என்று சொல்லிவிடுவோம்.

கடைசியில் மேடையில் ரெண்டு நிமிடம் மௌத் ஆர்கன் வாசித்தேன். பிறகு மைக்கில் அவர் பெயர், ஊர், சொல்லிக்கொடுத்த தாய்மாமன் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறங்கி, கீழே போய் உட்கார்ந்தேன்.

சினிமாவாக இருந்தால் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள். நடந்தது அப்படி இல்லை. முன்வரிசையில் பாதிப் பேர் மொபைலில் இருந்தார்கள். பெரியவர் மூன்றாவது நிமிடம் ஏதோ போன் வந்து வெளியே போனார். ஆனால் கடைசி வரிசைக்குப் பின்னால் டிரைவர்கள், செக்யூரிட்டிகள், பரிமாற நின்ற பையன்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். ஒரு வயதான கார்டு ஒவ்வொரு அடி முடிவிலும் குரல் கொடுக்க ஆரம்பித்தார். சாச்சா அவர்களைப் பார்த்தே பாடினார். பதிமூன்று நிமிடம்.

மறுநாள் பெரியவர் போனில், "என்னய்யா, மௌத் ஆர்கனை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க" என்றார்.

சாச்சா வழக்கம்போல ஃபைலோடு வந்தார். வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "சாப், நேத்து யாராச்சும் மொபைல்ல பிடிச்சாங்களா? பேத்திக்குக் காட்டணும்" என்றார்.

யாருமே பிடிக்கவில்லை. வாடகைக்கு வந்த வீடியோக்காரர் அந்த நேரத்தில் டின்னர் கவுன்ட்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். சரி, நான்? உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில். லோரி கப்பல் வரை போய்ப் படமாக்கினார் என்று நண்பனிடம் பீற்றிக்கொண்டவன், பையிலிருந்த மொபைலை எடுக்கவில்லை. கணக்கை எழுதினேன், கையெழுத்துப் போட மறந்துவிட்டேன்.

வரும் ஞாயிறு சாச்சா வீட்டுக்குப் போகிறேன். தங்கமணி எங்கிருந்தோ ஒரு ட்ரைபாட் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மௌத் ஆர்கனை எடுத்துப் போகப் போவதில்லை.

பி.கு: லோரியைக் கேட்க ஆசைப்படுபவர்கள் முதல் ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கவும். அங்கேயே நிற்க வேண்டாம். ஆலன் டூசான் 2015-லும், டாக்டர் ஜான் 2019-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய சொந்த ஆல்பங்களும் லாங்ஹேரின் பழைய பதிவுகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. நண்பனுக்கு நேற்று லாங்ஹேர் பாட்டு ஒன்றை அனுப்பினேன். "இவன் யாருடா, பின்னி எடுக்கறான்!" என்று பதில் வந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் சொல்லவில்லை :-)